ஒத்தை வரிக்காரப் பேராண்டிக்கு

பேராண்டி, நீ கெட்டிக்காரன். அதுல எனக்கு இம்மிகூடச் சந்தேகம் கிடையாது. கறுப்புத் திரையில ஒத்தை வரி அடிச்சுட்டு, "தாத்தா, இதை ஓட விட்டுட்டுத் தூங்கினா காலையில நம்ம வீட்டு வீடியோ அத்தனையும் எம்பி4 ஆயிருக்கும்"னு சொன்னே பாரு, அந்த அழகுக்கே உனக்கு ரெண்டு கைக்கும் காப்பு செஞ்சு போடலாம். ஓட விடு ராசா. ஆனா தாத்தாவோட யோசனை ஒண்ணையும் சேத்துக்கோ. மாத்தி முடிச்ச கையோட பழைய ஃபைலை அழிக்குத கட்டளையையும் அதே வரியில எழுதிரு. எதுக்கு ரெண்டு வேலை? இடமும் மிச்சம். எது இருக்கு, எது போச்சுன்னு காலையில சரிபாக்குத தொல்லையும் கிடையாது. சரிபாக்க எதுவும் மிச்சம் இருந்தாத்தானே.

முறைக்காதலே. "இவருக்கு என்ன தெரியும்"னு நீ அடுப்படியில போயிச் சொன்னதும் என் காதுல விழுந்துச்சு. நீ பொறக்கதுக்கு முந்தியே கோவில்பட்டிப் பக்கம் டெக்கு வாடகைக்கு விட்டவன் நான். ஒரு டிவி, ஒரு டெக்கு, மூணு படம், ஒரு ராத்திரி. கோயில் கொடைன்னாலும் சரி, சடங்கு வீடுன்னாலும் சரி, மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிருவாக. பொறவு கல்யாணக் கவரேஜ். ரெண்டு டெக்கை வயரால கோத்து ஒண்ணுலருந்து ஒண்ணுக்குக் கேசட் ஏத்துவோம். மொதக் காப்பியில கதாநாயகியோட கண்ணு தெரியும். அந்தக் காப்பியிலருந்து எடுத்ததுல மூக்கு மட்டும் தெரியும். அதுக்கும் அடுத்த காப்பியில ஆம்பளையா பொம்பளையாங்கதைக் குரலை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். நீங்க இப்ப அதுக்கு ஜெனரேஷன் லாஸ்னு பேரு வச்சிருக்கீக. டிஜிட்டல்ல அந்தத் தேய்மானம் கிடையாதுங்கீக. நெசந்தான், உள்ளதை உள்ளபடி காப்பி எடுத்தா கிடையாது. நீ காப்பியா எடுக்கப் போற? பிரிச்சுப் போட்டுச் சுருக்கி மறுபடி எழுதப் போற. எழுதுத ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும். போனது வராது.

பூனாவுலயே இருக்க, லா காலேஜ் ரோட்டுல எந்தக் கடையில பிரியாணி நல்லாருக்கும்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவ. அதே ரோட்டுல தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம்னு ஒண்ணு இருக்கே, என்னைக்காவது எட்டிப் பாத்தியா? 1964ல ஆரம்பிச்சது. அதைக் கட்டி எழுப்புனவரு பி.கே. நாயர்னு ஒரு திருவனந்தபுரத்துக்காரர். 1991ல ஓய்வு பெறுத வரைக்கும் நாடு பூராவும் தேடித் தேடிப் படச்சுருளைக் கொண்டாந்து சேத்த மனுசன். தேறின படம், தேறாத படம்னு அவரு பாகுபாடு பாத்ததில்ல. இன்னைக்குக் குப்பைங்கது நாளைக்கு என்னவா ஆகும்னு யாருக்குத் தெரியும்னு எல்லாத்தையும் வாங்கி உள்ள வச்சாரு. அவரைப் பத்தியே 'செல்லுலாய்ட் மேன்'னு 2012ல ஒரு படம் வந்துச்சு. நீ பாத்திருக்க மாட்ட. அதுல சண்டை கிடையாது.

அவரு இல்லேன்னா நம்ம நாகர்கோவில் சுந்தரராஜ் எடுத்த 'மார்த்தாண்ட வர்மா' என்ன ஆயிருக்கும்? 1933ல வந்த ஊமைப்படம். அதுக்கு மூலமான நாவலோட உரிமை யாருக்குன்னு பதிப்பகத்துக்காரங்க வழக்குப் போட்டு, ஓட ஆரம்பிச்ச உடனேயே பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. தயாரிச்சவருக்கு அடி. படத்துக்கு யோகம். திருவனந்தபுரத்துப் புத்தகக் கடையில நாப்பது வருசம் யாரும் தொடாமக் கிடந்து, 1974ல காப்பகத்துக்கு வந்து சேந்துச்சு. யாரும் தொடாததுனாலதான் அது தப்பிச்சுது, கவனிச்சுக்கோ. கெட்டிக்காரன் எவன் கையிலயாவது கிடைச்சிருந்தா இடம் அடைக்குதுன்னு என்னைக்கோ முடிச்சிருப்பான். தமிழோட மொதப் பேசும்படம் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31ல வெளிவந்துச்சே, அதுல ஒரு அடி சுருள்கூட இன்னைக்குக் கிடையாது. அந்தக் காலத்துல ஓடி முடிச்ச படத்தை வெள்ளிக்காக உருக்குவாக. படச்சுருள்ல ஒரு பூச்சு வெள்ளி உண்டு, அதைச் சுரண்டி வித்தா நாலு காசு. நீ டிஸ்க்குல இடம் மிச்சம் பிடிக்கிறேங்க. அவுக வெள்ளி மிச்சம் பிடிச்சாக. அவுகளுக்காவது கைக்கு ஒரு உலோகம் கிடைச்சுது.

எல்லாத்தையும் ஒரே எடத்துல வச்சிருந்தாலும் போச்சு, அதையும் பூனாவே காட்டியிருக்கு. 2003 ஜனவரியில திரைப்படக் கல்லூரி வளாகத்துல, பழைய பிரபாத் படக்கம்பெனி காலத்துக் கட்டடத்துல வச்சிருந்த நைட்ரேட் சுருளெல்லாம் எரிஞ்சு போச்சு. நைட்ரேட் பிடிச்சுதுன்னா தண்ணி ஊத்தி அணைக்க முடியாது. எரியுததுக்கு வேண்டிய பிராணவாயுவை அதுவே விட்டுக்கிடும். உன் ஹார்ட்டிஸ்க் அப்படியெல்லாம் எரியாது, பயப்படாத. ஒரு நாள் டிக்டிக்குன்னு சத்தம் போடும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் ஏன் சொல்லுதேன்னா, கூட்டமா ஃபைலை மாத்துத வேலை உண்மையிலேயே தேவைப்படுதது காப்பகம் மாதிரி எடத்துலதான். படச்சுருளை ஸ்கேன் பண்ணுனா ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு ஃபைல். டிபிஎக்ஸ்ம்பாக. ஒரு நொடிக்கு 24 சட்டம். ரெண்டரை மணி நேரப் படத்துக்குக் கணக்குப் போடு, 2,16,000 ஃபைல். 4கே அளவுல ஒவ்வொண்ணும் ஐம்பது மெகாபைட் பக்கம் வரும். மொத்தம் பத்து டெராபைட்டைத் தாண்டிரும், ஒத்தப் படத்துக்கு. அங்க போயி எவனாவது ஒவ்வொரு ஃபைலையும் மவுஸால கிளிக் பண்ணுனா அவனுக்குப் பேரன் பொறந்துருவான். ஸ்கிரிப்ட் எழுதித்தான் ஆகணும். 2022ல 2,200 படங்களைச் சீரமைக்கன்னு அரசாங்கம் 363 கோடி ரூபா அறிவிச்சுது. கெட்டுப்போன மூலத்தை மீட்க அவ்வளவு செலவு. கெடாத மூலத்தை வச்சுக்கிட உனக்கு ஒரு டிஸ்க்கு. அதுக்கே ஆஃபர் வரட்டும்னு காத்திருக்க.

காப்பகத்துக்காரங்க செய்யுத முறை ஒண்ணே ஒண்ணுதான், நீ அதை மட்டும் எடுத்துக்கோ. மூலம் தனி, பாக்கதுக்கு உள்ள பிரதி தனி. மூலத்தை ஒரு இம்மி இழக்காமச் சுருக்கி வைக்க எஃப்எஃப்வி1னு ஒரு முறை இருக்கு. நூலகம், காப்பகம்னு பல எடத்துல அதை விரும்புதாங்க. 2021ல அதுக்கு முறையான தரக் குறிப்பே வந்தாச்சு. உள்ளுக்குள்ளயே சரிபார்ப்பு எண்ணு வச்சிருக்கும், எங்கயாவது ஒரு துண்டு கெட்டுப்போனா இங்கதான் கெட்டுச்சுன்னு காட்டிக்குடுத்துரும். நம்ம வீட்டுல எத்தனை பேரு அப்படி?

இனி உன் ஆயுதத்துக்கு வாரேன். எஃப்எஃப்எம்பெக். ஃபாப்ரிஸ் பெல்லார்னு ஒரு பிரான்சுக்காரன் 2000ல ஆரம்பிச்சுவிட்டது. அதே ஆளுதான் 2009ல மேசைக் கம்ப்யூட்டர் ஒண்ணை வச்சு பை எண்ணுக்கு 2.7 லட்சம் கோடி இலக்கம் கண்டுபிடிச்சான். சும்மா இருக்க மாட்டான் போல. 2021ல செவ்வாயில எறங்குன பெர்சிவியரன்ஸ் வண்டி, எறங்குத காட்சியை அங்கயே வச்சுச் சுருக்க இந்த எஃப்எஃப்எம்பெக்கைத்தான் வச்சிருந்துச்சு. செவ்வாய்க்குப் போற கட்டளையை அந்த நாசாக்காரன் எத்தனை தடவை ஒத்திகை பாத்திருப்பான்? நீ உன் சித்தி கல்யாணத்துக்கு ஒரு தடவைகூடப் பாக்கலயே.

மொதல்ல ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லு. இத்தனை ஃபைலையும் மாத்தத்தான் வேணுமா? எம்பி4, எம்கேவி, மூவ்ங்கதெல்லாம் தூக்குச்சட்டி. உள்ள இருக்கதுதான் குழம்பு. குழம்பு நல்லாத்தான் இருக்கு, சட்டி மட்டும் உன் டிவிக்குப் பிடிக்கலைன்னா, வேற சட்டியில ஊத்திட்டுப் போயிரணும். மறுபடி அடுப்புல வச்சுக் கொதிக்கவிடக் கூடாது. ஹேண்டிகேம்ல எடுத்த எம்டிஎஸ் ஃபைல் இருக்கே, அதுக்குள்ள இருக்கது ஏற்கெனவே எச்264ங்க சுருக்கு முறைதான். சி காப்பின்னு ஒரு சொல்லு போட்டா உள்ள இருக்கதைத் தொடாமப் பெட்டியை மட்டும் மாத்திரும். ஒரு மணி நேர வீடியோ கொஞ்ச நொடியில முடிஞ்சுரும், ஒரு புள்ளிகூடக் கொறையாது. நீ என்ன பண்ண? எல்லாத்தையும் ஒரே வரியில போட்டு ராத்திரி முச்சூடும் வேக வச்ச. ஃபேன் போட்ட சத்தத்துல நான் தூங்கல. எதுக்குள்ள என்ன இருக்குன்னு எஃப்எஃப்புரோப் சொல்லும். ஒரு தடவை எல்லாத்தையும் விசாரிச்சுப் பட்டியல் போட்டுட்டா, காப்பி போதும்ங்கது எத்தனை, மாத்தியே ஆகணும்ங்கது எத்தனைன்னு பிரிச்சுரலாம். ஆனா அதுக்கு யோசிக்கணும். உன் ஒத்தை வரி லூப்புக்கு அந்தப் பாவம் கிடையாது.

ஃபைல் பேருக்கு வா. "அத்தை கல்யாணம் புதுசு (2) ஃபைனல்"னு இடம் விட்டு இடம் விட்டு எழுதி வச்சிருக்க. ஸ்கிரிப்ட்ல அந்தப் பேரைச் சுத்தி இரட்டை மேற்கோள் போடலைன்னா கம்ப்யூட்டருக்கு 'அத்தை' தனி ஆளு, 'கல்யாணம்' தனி ஆளு. ரெண்டு பேரையும் தேடி, ரெண்டு பேரும் இல்லைன்னு சொல்லும். மேற்கோள் போடச் சோம்பேறித்தனப்பட்டே எத்தனை பேரு பேருல இருக்க இடத்தையெல்லாம் எடுத்துட்டு அடிக்கோடு போட்டுக்கிட்டு அலையுதாங்க.

அதைவிடப் பெருசு டிவிடி. எந்தக் கல்யாண டிவிடியையும் திறந்து பாரு, உள்ள விடிஎஸ் 01 1னு ஒரு ஃபைல் இருக்கும். எல்லா டிவிடியிலயும் அதே பேருதான். உலகத்துல அச்சாகுத டிவிடி எல்லாத்துக்கும் அந்த விதிதான். இங்க பூனாவுலயே வாகட் பக்கம் ஒரு தம்பி இருக்கான், நம்ம பக்கத்துப் பையன், பேரு வேண்டாம். பத்துப் பன்னிரண்டு டிவிடியைத் தனித்தனி ஃபோல்டர்ல போட்டு, மாத்துனது எல்லாம் ஒரே ஃபோல்டருக்கு வரட்டும்னு எழுதி, கேள்வி கேக்காம மேலேயே எழுதிக்கோங்க ஒய் எழுத்தையும் போட்டு ஓட விட்டான். காலையில பாத்தா ஒரே ஒரு கல்யாணம். எல்லாக் கல்யாணமும் ஒண்ணு மேல ஒண்ணு எழுதிக்கிட்டு, கடைசியா ஓடுனது மட்டும் நிக்கி. அதுவும் அவன் குடும்பத்துக் கல்யாணம் இல்ல, மச்சினனோட கூட்டாளி கல்யாணம். மூல டிவிடி கையில இருந்ததால பிழைச்சான். தாத்தா சொன்னபடி அழிக்குத வரியையும் சேத்திருந்தான்னா இன்னைக்கு அவனுக்கு அந்தக் கூட்டாளி பொண்டாட்டியோட அத்தான் முறைகூடத் தெரிஞ்சிருக்கும்.

அந்த டிவிடி ஃபைல் ஒரு ஜிபியைத் தாண்டாது, அதனால தாலி கட்டுத முன்ன ஒரு துண்டு, கட்டுன பின்ன ஒரு துண்டுன்னு வெட்டியிருக்கும். மொதல்ல துண்டைச் சேத்துட்டு மாத்து. மாத்திட்டுச் சேத்தா ஒட்டுன எடத்துல தவில் ஒரு அடி முழுங்கும்.

'ஒய்'க்குப் பதிலா 'என்'ங்க இங்கிலீசு எழுத்தைப் போட்டா, இருக்க ஃபைல் மேல எழுத மாட்டேன்னு ஒதுங்கிப் போயிரும். நல்லது. ஆனா அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, பூனாவுல வியாழக்கிழமை வந்தா தெரியும். பராமரிப்புன்னு சொல்லி கரண்டைப் பிடுங்குவான்லா? எம்பி4 ஃபைலுக்கு எங்க எது இருக்குங்க அட்டவணை கடைசியிலதான் எழுதப்படும். பாதியில கரண்டு போச்சுன்னா அட்டவணை இல்லாத ஃபைல், திறக்காது. நீ மறுபடி ஓட விடுத. ஸ்கிரிப்ட் பாக்குது, "இந்தப் பேருல ஃபைல் இருக்கே, அப்ப முடிஞ்சுது"ன்னு தாண்டிப் போயிருது. செத்த ஃபைல் முடிஞ்ச ஃபைல் கணக்குல சேந்து உக்காந்துக்கிடும். அதனால எழுதும்போது வேற பேருல எழுது, 'பாதி'ன்னு முன்னால சேத்து. பின்னால சேக்காத, பேரோட வாலைப் பாத்துத்தான் எந்தப் பெட்டின்னு அது முடிவு பண்ணும். சுத்தமா முடிஞ்ச பொறவு உண்மையான பேருக்கு மாத்து. விடிஞ்சு பாத்தா 'பாதி'ன்னு எது நிக்குதோ அதுதான் வியாழக்கிழமைக்கு நேந்து விட்டது.

பட்டியலை வரிவரியாப் படிச்சு ஓட்டுததும் உனக்குப் பிடிக்கும். ரெண்டாவது ஃபைலுக்குப் பேருல மொத நாலு எழுத்தைக் காணோம்னு நீ தலையைச் சொறிவ. ஒண்ணுமில்ல, ஓடிக்கிட்டு இருக்கும்போது க்யூ அமுக்குனா நிறுத்தணும்னு எஃப்எஃப்எம்பெக் விசைப்பலகைப் பக்கம் காதை வச்சுக்கிட்டே இருக்கும். நீ பட்டியலை அந்த வழியாத்தான் அனுப்புத. காதுல விழுந்ததை அது தின்னுருது. நோஎஸ்டிடிஇன்னு ஒரு சொல்லு போட்டா வாயைக் கட்டிரலாம். இதைத் தெரியாம ஹார்ட்டிஸ்க்கைத் திட்டுனவங்க, கேபிளை மாத்துனவங்க, சனிப்பெயர்ச்சி பாத்தவங்க எல்லாம் உண்டு.

இன்னொண்ணு, இது பூனாத் தமிழனுக்குன்னே வச்சது. நீ வாங்கி வச்சிருக்க படத்து டிஸ்க்குல தமிழ் ஒலி ரெண்டு சேனல், இந்தி ஒலி ஆறு சேனல்னு வை. எதையும் சொல்லாம விட்டா எஃப்எஃப்எம்பெக் ஒரே ஒரு ஒலியைத்தான் எடுக்கும், அதுவும் சேனல் எதுல அதிகமோ அதை. விடிஞ்சா உன் கதாநாயகன் இந்தியில பேசுவான். கம்ப்யூட்டர் மொழிக்கொள்கை எடுத்துருச்சுன்னு போராட்டம் பண்ணாத. மேப் சுழியம்னு ஒரு சொல்லு போட்டா எல்லா ஒலியையும் ஏத்திக்கிடும்.

ஆகவே ஓட விடுத முன்ன எக்கோன்னு முன்னால போட்டு, என்ன செய்யப் போறேன்னு வாயால சொல்ல விடு. பட்டியல் வரும், படி. அப்புறம் ஒரே ஒரு ஃபைல். அதுலயும் முப்பது நொடி. பாரு. உன் லேப்டாப்ல பாத்தா பத்தாது, யாரு பாக்கப் போறாகளோ அவுக டிவியில பாரு. ஊருல உன் பெரியாச்சி வீட்டு டிவி பென்டிரைவ்ல எச்264 மட்டும்தான் பாடும். நீ 2013ல வந்த எச்265, 2018ல வந்த ஏவி1னு புதுசு புதுசாச் சுருக்கி அனுப்புனா, "பேரன் வெறும் டப்பாவைக் குடுத்துவிட்டிருக்கான்"னு தெருவுக்கே சொல்லிருவா. அந்தப் பென்டிரைவ் ஃபாட்32 முறையில இருந்தா நாலு ஜிபிக்கு மேல ஒரு ஃபைலை வாங்காதுங்கதையும் சேத்து மனசுல வை.

சிஆர்எஃப் எண்ணுக்காக நீயும் உன் சேக்காளியும் அடிச்சுக்கிடுதீகளே, அது எனக்கு நல்ல பொழுதுபோக்கு. பூச்சியத்துலருந்து 51 வரைக்கும் இருக்கு, கொறையக் கொறையத் தரம் கூடும், எச்264க்கு யாரும் எதுவும் சொல்லலைன்னா 23. ஆறு ஏத்துனா ஃபைல் சுமார் பாதியாகும். அவன் 18ங்கான், நீ 20ங்க. எதுக்கு? விசிடிக்கு! 352க்கு 288 புள்ளி, நொடிக்கு 1,150 கிலோபிட்டுல ஏற்கெனவே நசுக்கி வச்ச விசிடி. அதை 18ல போட்டா அந்தச் சதுரம் சதுரமா இருக்க அழுக்கையெல்லாம் பத்திரமாப் படம் பிடிச்சு, மூலத்தைவிடப் பெருசா ஒரு ஃபைல் வரும். இடம் மிச்சம் பிடிக்கக் கிளம்பி இடத்தை நெறைச்சவன் என் பேரன்னு நான் பெருமைப்பட்டுக்கிடுதேன். 4கேயா ஆக்கிட்டேன்னு வேற சொல்லுத. கேசட்டுல இல்லாத மூக்கு 4கேயில எங்கிருந்துலே வரும்?

மூக்குன்னு சொன்னதும் முகம் நினைவு வருது. நம்ம பழைய கேசட்டு, டிவி எல்லாம் 'பால்'ங்க முறை. 720க்கு 576 புள்ளின்னு பிடிப்ப, ஆனா புள்ளி சதுரம் கிடையாது. காட்ட வேண்டியது 4:3. அந்தச் செய்தியை ஸ்கிரிப்ட்ல தொலைச்சு, அகலத் திரைக்கு இழுத்துவிட்டேன்னா மணமேடையில இருக்க எல்லாரும் பெருத்துப் போவாங்க. உன் அத்தை அந்தக் காலத்துல கொடியா இருந்தா. நீ அனுப்புன வீடியோவைப் பாத்துட்டு ரெண்டு நாளு எங்ககூடப் பேசல. அப்புறம் அந்தக் காலத்துப் படம் ஒத்தைப்படை வரி, ரெட்டைப்படை வரின்னு மாறி மாறி வரும், நொடிக்கு 50 அரைச் சட்டம். அதைச் சேக்காம மாத்துனா யாராவது கையை ஆட்டும்போது ஓரமெல்லாம் சீப்பு சீப்பாக் கிழியும். யாடிஃப், பிடபிள்யூடிஃப்னு வடிகட்டி இருக்கு, போட்டுக்கோ. ஆனா ஃபோன்ல எடுத்ததுக்கும் அதே வடிகட்டியைப் போட்டுறாத. நல்லா இருக்கதுக்குப் போயி மருந்து குடுக்கப்படாது. எல்லாத்துக்கும் ஒரே வரிங்க உன் தத்துவம் இங்கதான் இடிக்கி.

கவரேஜ்காரன் கலையும் கொஞ்சம் இருக்கு. பொண்ணு மாப்பிள்ளை மொகத்தை இதயத்துக்குள்ள வச்சுச் சுத்தவிட்டு, ஊட்டிப் பூந்தோட்டத்துல பறக்கவிட்டு ஒரு காலத்துல நாங்க போட்ட கிராஃபிக்ஸைச் சுருக்குத மென்பொருளுக்குக் கண்டாலே ஆகாது. அந்த மினுமினுப்பு, நட்சத்திர மழை எல்லாம் பிட்டைத் தின்னும். ஃபைல் பெருசாச்சுன்னா எங்க கலையைக் குத்தஞ்சொல்லு, ஒத்துக்கிடுதேன்.

இவ்வளவும் ஃபைல் கைக்கு வந்த பொறவு உள்ள கதை. பரண் மேல இருக்க கேசட்டை எந்த லூப்புலே ஏத்தும்? மூணு மணி நேரக் கேசட்டு மூணு மணி நேரம் ஓடித்தான் ஆகணும். பாதியில சிக்கும், தலை அழுக்காகும், பூனா மழையில பூத்த பூஞ்சையோட போட்டா டெக்கே படுத்துரும். ஜப்பான்ல ஃபுனாய் கம்பெனிதான் கடைசி வரைக்கும் டெக்கு செஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அவனும் 2016 ஜூலையில நிறுத்திட்டான். இனி டெக்குன்னா ஜூனா பஜார்தான். ஞாயித்துக்கிழமையும் புதன்கிழமையும் தரையில துணியை விரிச்சு வித்துக்கிட்டு இருப்பான். ஓடுமான்னு கேட்டா ஓடும்பான், எங்க ஓடும்னு கேக்கணும். கேசட்டைக் கம்ப்யூட்டருக்குப் பிடிச்சு ஏத்துத சின்னக் கருவியெல்லாம் புதவார் பேட்டையில தப்கீர் கல்லிக்குள்ள கிடைக்கும். பேரம் பேசு. ஆனா ஒண்ணுலருந்து நாலு மணிக்குள்ள போகாத. இந்த ஊருக்காரனுக்கு வியாபாரத்தைவிடத் தூக்கம் பெருசுன்னு உலகமே சொல்லுது. எனக்கு அதுனாலதான் இந்த ஊரைப் பிடிக்கி.

பிடிச்சது இன்னொண்ணும் உண்டு, இவங்க வாசல்ல எழுதி வைக்குத பலகை. புணேரி பாட்டிம்பாங்க. வண்டியை நிறுத்தாதேன்னு மட்டும் எழுத மாட்டான்; நிறுத்துனா உன் அறிவு எவ்வளவுன்னும் சேத்து, மரியாதை கொறையாம எழுதுவான். அந்த ஊருல இருந்துக்கிட்டு உன் டிஸ்க்குல 'நியூ ஃபோல்டர் 3'ன்னு பேரு வச்சிருக்கியே, வெக்கமா இல்ல? நான் சொல்லுதேன், எழுதிக்கோ. மூலம் இருக்க ஃபோல்டர் வாசல்ல, படிக்கவும்ங்க ஃபைல்ல: "இங்கே இருப்பது மூலம். இதை அழித்து இடம் சம்பாதிக்க விரும்புகிறவர்கள், முதலில் தங்கள் செல்ஃபிகளை அழித்துப் பழகிவிட்டு வரவும்." அதுக்குக் கீழ எந்தக் கேசட்டு, என்னைக்குப் பிடிச்சது, எந்தக் கட்டளையில மாத்துனது, அந்த வரியை அப்படியே. எஃப்எஃப்எம்பெக் பேசுனதையெல்லாம் பதிவு ஃபைல்ல வச்சுரு. முடிஞ்சுதுன்னு அது சொன்னதை மட்டும் நம்பாம மூலம் எத்தனை நிமிசம், பிரதி எத்தனை நிமிசம்னு எஃப்எஃப்புரோப்பை விட்டு ஒப்பிட்டுக்கோ. நடுவுல படிக்க முடியாததைத் தாண்டிப் போயும் சில நேரம் வெற்றின்னுதான் சொல்லும். அப்புறம் தேதி. மாத்துன ஃபைல் எல்லாத்துக்கும் இன்னைக்குத் தேதிதான் விழும். உன் மகன் பொறந்தது, தவழ்ந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் ஒரே செவ்வாய்க்கிழமை ராத்திரின்னு இருக்கும். பழைய தேதியை எடுத்துப் புதுசுக்கு வைக்க டச்னு ஒரு கட்டளை போதும்.

ஆளு பேரு மட்டும் எந்தக் கட்டளைக்கும் தெரியாது. நாயர் இருட்டுக் கொட்டகையில சின்ன டார்ச்சு வச்சுக்கிட்டு, எந்தச் சுருள்ல என்ன வருதுன்னு குறிப்பெடுத்துக்கிட்டே பாப்பாராம். உன் பெரிய தாத்தா வீட்டுக் கல்யாணக் கேசட்டுல பந்தியில பரிமாறுதது யாரு, ஓரத்துல கோவிச்சுக்கிட்டு நிக்கது யாரு, எதுக்குக் கோவம், அந்தக் கோவத்துக்கு இப்ப வழக்கு எந்தக் கோர்ட்டுல நடக்குங்கதெல்லாம் எனக்குத்தான் தெரியும். சொல்லுதேன். சும்மா சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காரணும், ஃபோனை அடுத்த ரூம்ல வைக்கணும், காப்பி நீ போடணும், உன் பொண்டாட்டி இல்ல. வரும்போது தப்கீர் கல்லியில எட்டு டெரா டிஸ்க்கு ரெண்டு வாங்கிட்டு வா. ஒண்ணு இங்க, ஒண்ணு நான் ஊருக்குக் கொண்டுபோயிருதேன். கடைக்காரன் கேட்டா பில்லு உன் பேருல போடச் சொல்லு. வாரண்டி கார்டு மட்டும் என்கிட்ட இருக்கட்டும், நீ தொலைச்சுருவ.